மாத்திரை அட்டை போன ஊர்கள்

கடத்தூரில் லாரியோடு ஏறி நின்று எடை பார்க்கிற எடை மேடை இருக்கிறதே, அது நான் போட்டது. அதற்குப் பின்னால் புளி கொட்டை எடுக்கிற கொட்டகை நான் கட்டியது. இரண்டு குடோன், ஒரு கல்யாண மண்டபம், பஸ் நிற்கிற இடத்தில் வெயிலுக்கு ஒரு நிழற்குடை, எல்லாம் என் கைதான். பாறை, இங்கே தண்ணீர் வராது என்று ஊரே சொன்ன இடத்தில் கிணறு வெட்டினேன். வந்தது. நான் படித்தது நாலாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் புளிய மரத்தின் மேல் இருந்தேன். அடுத்தவன் குத்தகை எடுத்த மரத்தில் ஏறி உலுக்கிக் கூலி வாங்கியவன், இன்று கடல் தாண்டிப் புளி அனுப்புகிறேன். "கையெழுத்துப் போடவே மூச்சு வாங்குற ஆளுக்கு எடை மேடையா?" என்று சிரித்தவர்களின் லாரியும் அங்கேதான் எடை போடுகிறது. சிரித்ததற்காக ஒரு ரூபாய் கூடுதலாய் வாங்கியதில்லை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் வியாபாரிகள் சங்க மலரில் வருஷா வருஷம் பயணக் கட்டுரை வரும். ஒருத்தர் தாய்லாந்து போனார், ஒருத்தர் துபாய் போனார், போட்டோவோடு வந்தது. இந்த வருஷம் மலர்க் குழுவில் என்னைப் பார்த்து, "நீங்க எங்கயும் போவலையே மாதையண்ணா" என்றார்கள். போனேன். பொம்மிடி போனேன், பாலக்கோடு தாண்டிப் போனேன், தருமபுரி போனேன். துபாய் போனவர் ஒட்டகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். நான் என் வீட்டுக்காரியின் வயிற்றைக் காப்பாற்றிக்கொண்டு வந்தேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துங்கள். விஷயத்தில் கை வைக்காதீர்கள்.

என் வீட்டுக்காரி பெயர் பச்சையம்மாள். போன வருஷம் எங்கள் மண்டபத்தில் ஒரு கல்யாணம். பந்தி விசாரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். இரண்டு நாளாய் வெளிக்குத் தார் மாதிரிக் கறுப்பாய்ப் போயிருக்கிறது, என்னிடம் சொல்லவில்லை. தருமபுரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புண், அதிலிருந்து ரத்தம். புண்ணுக்குக் காரணம் ஒரு கிருமி. திருகாணி மாதிரி உடம்பு, இரைப்பைச் சுவரில் திருகிக்கொண்டு உட்கார்ந்துவிடுமாம். ஹெலிகோபாக்டர் என்று பெயர். அந்தப் பெயர் என் வாயில் நுழைய ஒரு வாரம் ஆயிற்று. அது அவள் வயிற்றில் நுழைந்து எத்தனை வருஷமோ.

கிருமியைக் கொல்ல மாத்திரை கொடுத்தார்கள். சிறிது நாள் கழித்துப் பரிசோதித்தால் கிருமி அப்படியே இருக்கிறது. மறுபடி கொடுத்தார்கள். மறுபடி அப்படியே.

மூன்றாவது முறை போனபோது டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். வயசு கம்மிதான், எங்கள் மகளை விடச் சின்னவர். ஆனால் நிதானம்.

"ஐயா, இந்தக் கிருமிக்குக் கேக்கற மருந்துங்க ரொம்பக் கொஞ்சம்தான். ஒவ்வொண்ணா பழக்கப்படுத்திக்கிட்டு வருது. மூணாவது தடவை தப்பா குடுத்துட்டேன்னா, அப்புறம் எனக்கு வழி சுருங்கிடும். புண்ணு திரும்ப ரத்தம் விட்டுச்சுன்னா இவங்க உடம்பு தாங்காது."

"என்ன பண்ணணும் சொல்லுங்க."

"இதுக்கு முன்னாடி அம்மா என்னென்ன மாத்திரை சாப்பிட்டாங்கன்னு தெரியணும். சளி, இருமல், பேதி, பல்லு வலி, எதுக்கா இருந்தாலும் சரி. பழைய மாத்திரை தெரிஞ்சா, கிருமி எதுக்கு அசையாதுன்னு ஓரளவு கணக்குப் போடலாம்."

பச்சையம்மாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அது யாரு கண்டாங்கம்மா. போற வூட்ல குடுத்தாங்க, தின்னேன்."

"நாங்க குடுத்ததை முழுசா முடிச்சீங்கதானே?"

"ஆச்சுங்கம்மா."

இந்த "ஆச்சுங்கம்மா"வை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று நேராகவே பார்க்கிற பரிசோதனை உண்டாம். அதற்கு மறுபடி குழாய் விட்டுச் சதை எடுத்து வெளியூருக்கு அனுப்பவேண்டும். குழாய் என்றதும் இவள் எழுந்து வாசல் பக்கம் நகர்ந்துவிட்டாள்.

நான் சொன்னேன்: "டாக்டரம்மா, எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க. இந்த ஜில்லாவுல இவ எந்த வூட்ல எந்த மாத்திரையத் தின்னான்னு நான் தேடிக் கொண்டாந்து வெக்கிறேன்."

"போன்ல கேட்டா ஆகாதுங்களா ஐயா?"

"போன்ல கேட்டா வெள்ளை மாத்திரைம்பாங்க. எல்லா மாத்திரையும் வெள்ளைதானுங்க. நான் புளியவே போன்ல வாங்கினதில்ல."

டாக்டரம்மா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அது புளி இறங்குகிற நேரம். கொட்டகையில் வேலை தலைக்கு மேல். அதை விட்டுவிட்டுத்தான் கிளம்பினேன் என்பதைப் படிக்கிறவர்கள் கவனிக்கவேண்டும்.

முதல் நாள் பொம்மிடி. என் பழைய காரில் புறப்பட்டோம். ஊர் எல்லை தாண்டுவதற்குள் கியர் இரண்டாவதில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. மாட்டு வண்டி எங்களை முந்திக்கொண்டு போனது. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "மொதலாளி, கயிறு கட்டி இழுக்கட்டுங்களா?" என்றார். ஊரில் நான் கட்டிய நிழற்குடைக்கே திரும்பி வந்து, அதன் கீழேயே நின்று டவுன் பஸ் ஏறினோம். கட்டி இத்தனை வருஷத்தில் நான் அதன் கீழே நின்றது அன்றுதான். நிழல் நன்றாகவே இருக்கிறது.

பஸ்ஸில் எங்களுக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்திக்கு முழங்கால் வலி போல. மற்றவள் இடுப்புப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து, "எனக்குக் கேட்டுச்சுடி, இந்தா" என்று கிள்ளிக் கொடுக்கிறாள். வெற்றிலை கொடுக்கிற மாதிரி. வாங்கினவள் என்ன ஏது என்று கேட்கவில்லை, தண்ணீர் இல்லாமல் விழுங்கிவிட்டாள். நான் பச்சையம்மாளைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி மா மரத்தில் பூ விட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொம்மிடியில் இவளுடைய தங்கை சின்னப்பொண்ணு இருக்கிறாள். ரயில் பாதைக்கு ஓரமாய் வீடு. எங்கள் ஜில்லாவில் இரண்டு ரயில் பாதை. பொம்மிடி வழியாய் ஒன்று, தருமபுரி வழியாய் ஒன்று. ஒன்றை ஒன்று பார்க்காமலே போகும். சேர்க்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். என்னிடம் விட்டிருந்தால் இந்நேரம் ஓடியிருக்கும்.

சின்னப்பொண்ணு களி கிண்டியிருந்தாள். பச்சை அவரைக்கொட்டைக் குழம்பு, கத்தரிக்காய் போட்டது. நான் உருண்டையைக் குழம்பில் தோய்த்து இறக்கிக்கொண்டிருக்க, பச்சையம்மாளுக்கு மட்டும் கூழில் மோர் விட்டுக் கரைத்துத் தந்தார்கள். குழம்பு வாசனை வந்த பக்கமே அவள் திரும்பவில்லை. ஒரு காலத்தில் கொள்ளு ரசத்தில் மிளகாயைக் கிள்ளிப் போட்டுக் களி தின்றவள். அந்தக் கூழ்க் கிண்ணத்தைப் பார்த்தபோதுதான், இந்த வேலையை முடிக்காமல் ஊர் திரும்பக்கூடாது என்று எனக்குத் தோன்றியது.

விஷயத்தைச் சொன்னதும் சின்னப்பொண்ணு சொன்னாள்: "மார்கழி மாசம் வந்தா அக்காவுக்கு இருமலுங்க மாமா. இங்க வந்துதான் நாலு நாள் இருக்கும். அந்தோணியண்ணன் கடையில மூணு மாத்திரை வாங்கிக் குடுத்துருவேன். மூணு நாளு. பட்டுனு நின்னுரும்."

"ஒரு மார்கழியா?"

"எல்லா மார்கழியும்தான். மார்கழி என்ன ஒரு தடவையா வருது?"

அந்தோணியின் மருந்துக் கடைக்கு நடந்து போனோம். கிறிஸ்துமஸுக்குக் கட்டின காகித நட்சத்திரம் இன்னும் இறங்காமல் கடைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. நல்ல மனிதர். அப்பா காலத்து நிலம் இன்னும் வைத்திருக்கிறார். கடையில் மாத்திரை வாசனையோடு மஞ்சள் வாசனையும் வருகிறது. நான் கேட்டதும் யோசிக்கவே இல்லை.

"அசித்ரோமைசின் அண்ணா. மூணு நாள் மாத்திரைன்னா அதுதான்."

"சீட்டு இல்லாம குடுப்பீங்களா?"

"சீட்டு கேட்டேன்னு வெச்சுக்கோங்க, உங்க கொழுந்தியா நேரா எதிர்க் கடைக்குப் போயிருவாங்க. போவும்போது 'அந்தோணிக்குத் தல கனம்'னு நாலு பேர்கிட்ட சொல்லிட்டுப் போவாங்க."

"நான் சொன்னனா? நான் எங்கண்ணா சொன்னேன்?" என்று சின்னப்பொண்ணு.

"இல்லம்மா. உன் வாய் சொல்லுச்சு."

அந்த மாத்திரையின் காலி அட்டை ஒன்றை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வந்த வேலை பாதி முடிந்தது என்று நினைத்தேன். வீட்டுக்குத் திரும்பியதும் சின்னப்பொண்ணு, "இன்னொரு மாத்திரையும் இருக்குது மாமா, அதும் பேரைப் பாருங்க" என்று அரிசிக் குதிருக்குள் கை விட்டாள். அரிசி ஒட்டிக்கொண்டு ஒரு அட்டை வந்தது.

பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. சாதாரண அட்டை இல்லை. தடிமனான காகிதத்தில் ஒரு நாளைக்கு ஒரு அட்டை. ஒரு பக்கம் சூரியன் படம், காலை மாத்திரைகள். மறு பக்கம் நிலா படம், ராத்திரி மாத்திரைகள். பச்சையம்மாளுக்கு முதல் தடவை தருமபுரியில் கொடுத்த அதே அட்டை. படிக்காதவர்களுக்கும் புரியட்டும் என்று யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள். சின்னப்பொண்ணு வீட்டு அட்டையில் சூரியன் பக்கம் காலி. நிலா பக்கம் அப்படியே இருந்தது.

"இது எப்படி உன் வூட்டுக்கு வந்துச்சு?"

சின்னப்பொண்ணு அக்காவைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு கூட்ஸ் வண்டி போக ஆரம்பித்தது. பச்சையம்மாள் பெட்டிகளை எண்ணுகிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பெட்டி போனதும் சின்னப்பொண்ணு சொன்னாள்:

"பாலக்கோட்டு சம்பந்தியம்மா குடுத்தாங்க மாமா. அவங்க வூட்டுக் காது குத்துக்குப் போனப்ப எனக்கு வயிறு எரியுதுன்னேன். 'இது நல்லாக் கேக்குது'ன்னு தாம்பூலத்தோட வெச்சுக் குடுத்தாங்க. காலையில தின்னேன், எரிச்சல் நின்னுருச்சு. மிச்சத்தை வெச்சுட்டேன்."

சம்பந்தி வீட்டுக்கு அது எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை. மறுநாள் போகிற ஊர் எது என்பது மட்டும் முடிவாகிவிட்டது.

இரண்டாம் நாள் தருமபுரி போய் பஸ் மாறிப் பாலக்கோடு. தருமபுரி பஸ் ஸ்டாண்டில் இவளுக்கு இட்லி, எனக்குப் போண்டா. போண்டாவில் பச்சை மிளகாய் முழுசாய் இருந்தது. அவள் கண் என் கையையே பார்த்தது. பாதியை மடித்து வைத்துவிட்டேன். பணம் கொடுத்து வாங்கியதை நான் வீணாக்கினது என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

பாலக்கோடு தாண்டி உள்ளே போகிற பஸ் வழியில் டயர் வெடித்து நின்றது. மாற்று டயரும் காற்றில்லாமல் கிடந்தது. கண்டக்டர், "எறங்கி காத்தாட நில்லுங்க, வரும்" என்றார். என்ன வரும் என்று சொல்லவில்லை. ஒரு தக்காளி வேன் வந்தது. கையைக் காட்டினேன். மண்டிக்குச் சரக்கு இறக்கிவிட்டுக் காலிப் பெட்டியோடு திரும்புகிற வண்டி. முன்னால் ஒரு ஆளுக்குத்தான் இடம். பச்சையம்மாளை உட்கார வைத்துவிட்டு நான் பின்னால் பெட்டிகளின் நடுவே நின்றுகொண்டேன். எடை மேடை முதலாளி, மண்டப முதலாளி, தக்காளிச் சாறு ஒட்டின பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கு வெட்கம் இல்லை. வண்டிக்குள் இரண்டு மாதத்துத் தக்காளி வாசனை இருந்தது. புளி வாசனையை விட மோசம் என்று சொல்லமாட்டேன், ஆனால் புளி கௌரவமான வாசனை.

சம்பந்தி ஊர் பாதி தமிழ், பாதி கன்னடம். சுவருக்கு இந்தப் பக்கம் களி என்பார்கள், அந்தப் பக்கம் முத்தே என்பார்கள். பானைக்குள் இருப்பது ஒரே கேழ்வரகு. சம்பந்தியம்மா பெயர் ராதம்மா. என் மகளுடைய மாமியார். மகளும் மாப்பிள்ளையும் அன்று வெளியே போயிருந்தார்கள். கையைப் பிடித்து உட்கார வைத்து, ஒப்பட்டு, அதாவது நம்ம போளி, சுட ஆரம்பித்துவிட்டார். நெய் சொட்டச் சொட்ட எனக்கு இலையில் விழுகிறது. இவளுக்கு ஒரு விள்ளல், நெய் இல்லாமல்.

நான் மெதுவாகப் பேச்சை எடுப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரம்மா சுவருக்கு மேல் தலையை நீட்டிக் கன்னடத்தில் ஏதோ சொன்னார். எனக்குக் கன்னடம் பேச வராது, ஆனால் பெங்களூரில் புளி விற்றவனுக்குக் கேட்டால் புரியும். அவர் கேட்டது இது: "ராதம்மா, உன் சம்பந்தி வந்திருக்காரே, அந்தச் சூரியன் மாத்திரை இன்னும் கொண்டு வந்திருக்காரா கேளு. போன தடவை எங்க வீட்டுக்காரருக்கு ஒரு நாள் குடுத்தியே, நல்லா ஏப்பம் விட்டார்."

ராதம்மா சுவரைப் பார்த்துக் கையை ஆட்டினார், சும்மா இரு என்று. நேரம் கடந்துவிட்டது.

"சம்பந்தியம்மா, சூரியன் மாத்திரை இங்க எப்படிங்க வந்துச்சு?"

"நல்லாக் கேட்டீங்க போங்க. நீங்க குடுத்து வுட்டதுதானே? பச்சையம்மாக்காதான் கொண்டாந்தாங்க. எனக்கு நெஞ்செரிச்சல்னு சொன்னப்ப, மஞ்சத் துணியில முடிஞ்சு குடுத்தாங்க. மூணு நாள் அட்டை. நான் ஒண்ணு தின்னேன், இந்தப் பக்கத்து வூட்டுக்காரிக்கு ஒண்ணு குடுத்தேன், உங்க கொழுந்தியாளுக்கு ஒண்ணு. ஏங்க, தப்புங்களா?"

அந்த அட்டை கடத்தூரிலிருந்து பாலக்கோடு தாண்டி வந்து, இங்கிருந்து பொம்மிடி போய் அரிசிக் குதிரில் ஓய்வெடுத்திருக்கிறது. ஒரு வருஷத்தில் என்னை விட அதிகம் ஊர் சுற்றியிருக்கிறது.

நான் பச்சையம்மாளைப் பார்த்தேன். சத்தம் போடவில்லை. நான் சத்தம் போடுகிற ஆள்தான், கொட்டகையில் கேட்டுப் பாருங்கள். அன்றைக்குப் போடவில்லை. "முழுசா முடிச்சியான்னு டாக்டரம்மா கேட்டாங்களே" என்றேன்.

"ஆச்சுன்னு சொன்னேன்."

"ஆவலையே."

"எனக்கு ஆச்சுங்க. எரிச்சல் நின்னுருச்சு." கொஞ்ச நேரம் ஒப்பட்டு விள்ளலைப் பிய்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "நம்ம வூட்ல நான் எந்த டப்பாவைத் தொடைச்சு வெச்சிருக்கேன், சொல்லுங்க. அரிசி தீர்றதுக்குள்ள ஒரு பிடி நிறுத்திருவேன். உப்பு ஜாடியில, புளிப் பானையில, எல்லாத்துலயும். காலியான டப்பா நெறைக்கச் சொல்லிக் கேக்கும்ங்க. அரிசி டப்பா கேட்டா அரிசி வரும். மாத்திரை டப்பா கேட்டா என்ன வரும்? நோவுதானே வரும்? அதான் ரெண்டு தடவையும் கடைசி அட்டைங்கள நிறுத்திட்டேன். புதுசு வந்ததும் பழசை இவங்களுக்குக் குடுத்தேன்."

"ரெண்டாந் தடவை நிறுத்தினது எங்க?"

"நம்ம வூட்டு உப்பு ஜாடிக்குப் பின்னால."

ராதம்மா கரண்டியைப் பிடித்தபடி, "அக்கா சொல்றது நாயந்தானே" என்றார். எனக்கும் நியாயமாய்த்தான் பட்டது. நான் ஒன்றுமில்லாமல் இருந்த காலத்தில் இவள் நிறுத்தி வைத்த பிடி அரிசியில் பல நாள் சாப்பிட்டவன் நான். அந்தக் கையைப் பழிக்க என்னால் ஆகாது.

ஆனால் என்ன நடந்திருக்கிறது என்பது அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. குடோனில் மக்காச்சோளத்துக்கு வண்டு விழுந்தால் மூட்டைகளைப் படுதா போட்டு மூடி, ஆள் வைத்துப் புகை மருந்து போடுவோம். சொன்ன நாள் வரை படுதாவைத் தூக்கக்கூடாது. ஒரு வருஷம் லாரி வந்துவிட்டதென்று முன்னாலேயே தூக்கினோம். வண்டெல்லாம் செத்துக் கிடந்தது மாதிரித்தான் இருந்தது. மூட்டை இடுக்கில் நாலு கெட்டி வண்டு பிழைத்திருக்கிறது. அடுத்த முறை அதன் குஞ்சுகளுக்கு அதே மருந்தைப் போட்டால், அது பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. இவள் வயிற்றில் இரண்டு தடவை படுதாவை முன்னாலேயே தூக்கியிருக்கிறாள். அதற்கும் முன்னால் மார்கழிக்கு மார்கழி மூன்று மாத்திரை வேறு.

சம்பந்தி வீட்டில் இவள் சாப்பிட்ட மாத்திரை எது என்றும் கேட்டேன். இங்கே வந்தால் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் பேதியாகும். அதற்கு ஒரு மஞ்சள் மாத்திரை. பெயர் யாருக்கும் தெரியவில்லை. "வாயெல்லாம் இரும்பை நக்கினாப்பல இருக்கும்" என்றாள் பச்சையம்மாள். அதைப் பத்திரமாய் மனசில் வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் தருமபுரி. டாக்டரம்மாவின் மேசையில் காலி அட்டையை வைத்தேன். நிலா மிச்சமிருந்த அட்டையை வைத்தேன். இரும்பு ருசியைச் சொன்னேன். டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இருமல் மாத்திரையும் நாங்க குடுத்ததுல முக்கியமான மருந்தும் ஒரே குடும்பம்ங்கய்யா. அதுக்குக் கிருமி முன்னாடியே பழகியிருக்கும். அந்தக் கதவு இனி வேண்டாம். இரும்பு ருசின்னா அது மெட்ரோனிடசோலா இருக்கலாம். அதைத் தனியா நம்ப முடியாது. வேற மருந்துங்களோட சேர்த்து, அளவைக் கூட்டி, நாளைக் கூட்டித்தான் குடுக்கணும்."

நான் வண்டுக் கதையைச் சொன்னேன். "அதேதாங்கய்யா, அச்சு அசலா அதேதான்" என்றார் டாக்டரம்மா. இது அவர் சொன்னது. நானாய்ச் சேர்க்கவில்லை. வருகிற எல்லோரிடமும் இனிமேல் வண்டுக் கதையைச் சொல்வேன் என்றும் சொன்னார்.

அதற்குப் பிறகு பச்சையம்மாள் பக்கம் திரும்பி, "அம்மா, இந்தத் தடவை ரெண்டு வாரமும் கடைசி மாத்திரை வரைக்கும். ஒண்ணு கூட நிக்கக் கூடாது. சரிங்களா?" என்றார். அந்தச் சூரியன் மாத்திரையை வாங்கித் தின்றவர்களையும் ஒரு நாள் கூட்டி வரச் சொன்னார். அவர்களுக்கும் கிருமி இருந்தால் ஒழுங்காய் மருந்து தரவேண்டுமாம்.

பச்சையம்மாள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். கல்யாணம் ஆனதிலிருந்து பார்க்கிறேன். அது ஒத்துக்கொள்கிற தலையாட்டல் இல்லை, பேச்சை முடிக்கிற தலையாட்டல்.

அதனால் நான் கேட்டேன்: "டாக்டரம்மா, ரெண்டு மாத்திரை கூடுதலாக் குடுத்துடுங்க. அது டப்பாவுல நிக்கட்டும். இவ மீதியை முடிச்சிடுவா."

"வேண்டாங்கய்யா. மிச்சம்னு ஒண்ணு நின்னா அது திரும்ப பஸ் ஏறிடும்."

அதுவும் சரிதான். அந்த அட்டை எவ்வளவு சாமர்த்தியமாய் ஊர் சுற்றியது என்பதை நானே பார்த்துவிட்டு வந்தவன் ஆயிற்றே. பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டே யோசித்தேன். மிச்சம் நிற்கக்கூடாது. டப்பா காலியாகவும் கூடாது. எல்லோரும் முடியாது என்று சொன்ன இடத்தில்தான் எனக்குப் புத்தி வேலை செய்யும். கிணறு வெட்டினபோதும் இப்படித்தான்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் உப்பு ஜாடிக்குப் பின்னாலிருந்த பழைய அட்டைகளை எடுத்து, டாக்டரம்மாவிடமே ஒப்படைக்கத் தனியாய்க் கட்டி வைத்தேன். பிறகு மாத்திரை வைக்கிற எவர்சில்வர் டப்பாவைக் கழுவித் துடைத்து, அடியில் ஒரு பிடி கேழ்வரகு போட்டேன். அதன் மேல் ஒரு காகிதம். காகிதத்தின் மேல் புது மாத்திரைகள்.

பச்சையம்மாள் எட்டிப் பார்த்தாள். "இது என்னாத்துக்குங்க?"

"மாத்திரையெல்லாம் தீர்ந்தாலும் இந்த டப்பா காலியாவுமா?"

அவள் டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஆவாதுங்க."

"நெறைக்கச் சொல்லி நோவைக் கேக்குமா?"

"கேழ்வரகுதான் கேக்கும்."

இரண்டு வாரம். காலை, மதியம், சாயந்திரம், ராத்திரி என்று வேளைக்கு வேளை மாத்திரை. பாதியில் நாக்கு கறுத்தது, வெளிக்குப் போவதும் கறுத்தது. மண்டபத்தில் சாய்ந்த நாள் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். இந்தத் தடவை தந்த நாலு மருந்தில் ஒன்று அப்படித்தான் கறுப்பாக்கும் என்று அன்றைக்கே சொன்னாராம். ஆனால் தலைசுற்றல், வாந்தி, சோர்வு இருந்தால் உடனே வரவேண்டும் என்றார். ஒன்றும் இல்லை. பச்சையம்மாள் கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டிப் பார்த்து, "காளியாத்தா வேஷம் கட்டலாம்" என்றாள். குமட்டல் வந்தது, வாய் கசந்தது, ஒரு நாள் நிறுத்திவிடலாமா என்று கேட்டாள். டப்பாவைத் திறந்து கேழ்வரகைக் காட்டினேன். மாத்திரையைத் தின்றாள்.

கடைசி மாத்திரையை என் எதிரில் விழுங்கினாள். டப்பாவை மூடும் முன் ஒரு தடவை குலுக்கிப் பார்த்தாள். உள்ளே கேழ்வரகு சத்தம் கேட்டது.

மருந்து முடிந்ததும் உடனே பரிசோதிக்கக்கூடாதாம். ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்து போனோம். சின்னப்பொண்ணையும் ராதம்மாவையும் அவர் பக்கத்து வீட்டுக்காரரையும் என் காரிலேயே ஏற்றிக்கொண்டு போனேன், கியரை மாற்றிவிட்டேன். டாக்டரம்மா முடிவைப் பார்த்துவிட்டு, "போயிடுச்சுங்கய்யா. கிருமி இல்லை" என்றார். பச்சையம்மாள், "நெசமாவா?" என்று என்னைக் கேட்டாள், டாக்டரை இல்லை.

அன்று ஒரு பிடி கேழ்வரகை அவளே அரைத்தாள். அந்த டப்பாவில் இருந்ததுதான். அதையும் கூட நிறைய மாவையும் சேர்த்துக் களி கிண்டி, கொள்ளு ரசம் வைத்து, மிளகாய் ஒன்றைக் கிள்ளிப் போட்டுக்கொண்டு, என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அவள் முகம் சுளிக்கிறதா என்று உருண்டைக்கு உருண்டை பார்த்துக்கொண்டிருந்தேன். சுளிக்கவில்லை. பிறகு எழுந்து போய் டப்பாவைத் திறந்து பார்த்தேன். அடியில் நாலு கேழ்வரகு நிறுத்தியிருந்தாள்.

இப்போது ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். என் மகள், டாக்டரம்மா கைராசி என்கிறாள். சின்னப்பொண்ணு, மாரியம்மனுக்குக் காசு முடிந்து வைத்தது பலித்தது என்கிறாள். ராதம்மா, அவருடைய மஞ்சள் மாத்திரை முன்னாலேயே வழி பண்ணி வைத்தது என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். அது முழுத் தப்பு, டாக்டரம்மாவே சிரித்தார். டாக்டரம்மாவுக்கு உரியதை நான் மறுக்கவில்லை. மருந்து அவருடையது, கேள்வி அவருடையது. தின்றவள் பச்சையம்மாள். ஆனால் கியர் மாட்டின காரில் கிளம்பியதும், தக்காளிப் பெட்டிக்கு நடுவில் நின்று போய் அந்த அட்டையைத் துரத்திப் பிடித்ததும், டப்பாவின் அடியில் கேழ்வரகு போட்டதும் கடத்தூர் மாதையன். மலரில் இதைச் சின்ன எழுத்தில் போட்டு மடிப்பில் மறைத்துவிடாதீர்கள். துபாய் ஒட்டகத்துக்குக் கொடுத்த இடத்தை எனக்கும் கொடுங்கள். போட்டோவுக்கு அந்த டப்பாவை அனுப்பி வைக்கிறேன். நாலு கேழ்வரகும் உள்ளே இருக்கும். கொட்டிவிடாமல் திருப்பித் தரவேண்டும்; பச்சையம்மாள் கேட்பாள்.